ஒரு போனில் படம் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை: ஏன்?

யுஎஸ்பி-சி முனையும் எச்டிஎம்ஐ முனையும் கொண்ட ஒரே கேபிள். அண்ணன் போனில் செருகினால் டிவியில் படம் வருகிறது. தம்பி போனில் செருகினால் ‘சிக்னல் இல்லை’. பெரும்பாலும் கேபிள் மீது தவறில்லை.

யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதிலுள்ள 24 தொடுமுனைகளில் எவற்றுக்கு உள்ளே இணைப்புக் கொடுப்பது என்பது தயாரிப்பாளரின் முடிவு. சில போன்கள், வேகமான தரவுக்கான கம்பி இணைகளில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற காட்சிச் சமிக்ஞையை அனுப்பும். இதற்கு ‘ஆல்ட் மோட்’ என்று பெயர். கேபிளுக்குள் இருக்கும் சிறிய சிப் அதை எச்டிஎம்ஐ சமிக்ஞையாக மாற்றித் தரும். ஐபோன் 15 வரிசையில் இவ்வசதி உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இல்லை. சார்ஜும் கோப்புப் பரிமாற்றமும் மட்டும்தான். பெட்டியில் இதைப் பெரிதாக அச்சிடாதது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

சில நேரம் போனின் முகப்புத் திரை டிவியில் தெரியும். திரைப்படச் செயலியைத் திறந்ததும் கறுத்துவிடும். காரணம் எச்டிசிபி என்னும் பூட்டு. படம் மறையாக்கப்பட்டுச் செல்லும். இடையிலுள்ள ஒவ்வொரு கருவியும் சரியான சாவியைக் காட்ட வேண்டும். மலிவான அடாப்டரிடம் அது இல்லாமல் போகலாம்.

கேபிள் வாங்குமுன் போனின் விவரக்குறிப்பில் ‘டிஸ்ப்ளேபோர்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இல்லையென்றால் பணத்தைச் செலவழிக்காமல், வைஃபை வழியே ‘காஸ்ட்’ செய்து பாருங்கள்.