தலைமுடி டெஸ்ட்: முடி சொல்றது என்ன, நாமளா சேர்த்துக்கிறது என்ன?

இன்னைக்கு எபிசோடு தலைமுடியைப் பத்தி. முடி கொட்டுறது, நரைக்கிறது எல்லாம் இல்லை. ஒருத்தர் போதைப்பொருள் எடுத்தாரா இல்லையான்னு முடியை வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க, அந்த ரிசல்ட்டை எவ்வளவு தூரம் நம்பலாம், இதுதான் விஷயம்.

செய்தியில் அடிக்கடி ஒரு வரி வரும்: முடி மாதிரி சேகரிக்கப்பட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டதுன்னு. கேட்டதும் நம்ம மனசுல ஒரு படம் ஓடும். முடி பொய் சொல்லாது, மூணு மாசக் கதையும் வெளியே வந்துடும், அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது. இதுல பாதி உண்மை. மீதிப் பாதியையும் உண்மைன்னு நம்பினதால கனடாவில் பல குழந்தைகள் பெற்றோர்கிட்ட இருந்து பிரிக்கப்பட்டாங்க. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

டொராண்டோவில் நடந்தது

டொராண்டோவில் சிக்கிட்ஸ் என்று எல்லாரும் கூப்பிடும் பெரிய குழந்தைகள் மருத்துவமனை இருக்கு. உலக அளவில் பேர் வாங்கின இடம். அதுக்குள்ளே மதரிஸ்க் என்று ஒரு ஆய்வகம் இயங்கியது. குழந்தைகள் நலத்துறை ஆட்கள், "இந்த அம்மா போதைப்பொருள் எடுக்கிறாங்களா, இந்த அப்பா குடிக்கிறாரா" என்று சந்தேகப்பட்டால், அவங்க முடியை வெட்டி இங்கேதான் அனுப்புவாங்க. 2005-லிருந்து 2015 வரைக்கும் மட்டும் 16,000-க்கும் மேற்பட்டவங்களோட 24,000-க்கும் அதிகமான முடி மாதிரிகள் இப்படி டெஸ்ட் செய்யப்பட்டன.

2014-ல் ஒரு தாயோட மேல்முறையீடு ஒன்டாரியோ நீதிமன்றத்துக்கு வந்தது. தன் சின்னக் குழந்தைக்கு கொகெய்ன் கொடுத்தார்னு தீர்ப்பாகியிருந்த வழக்கு அது. அதுக்கு முக்கிய ஆதாரம் அந்த ஆய்வகத்தின் முடிப் பரிசோதனை. வேறொரு நச்சியல் நிபுணர், அந்த முறையிலேயே கோளாறு இருக்குன்னு எடுத்துக் காட்டினார். கொகெய்ன் தொடர்பான தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது.

அப்புறம்தான் மொத்தத்தையும் கிளறினாங்க. ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் தலைமையில் நடந்த விசாரணை, 2015 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. குழந்தைகள் பாதுகாப்பு வழக்குகளுக்கோ கிரிமினல் வழக்குகளுக்கோ இந்த ரிசல்ட்டுகள் போதுமானவையும் இல்லை, நம்பத்தக்கவையும் இல்லை என்பதுதான் அதோட முடிவு. அதுக்குள்ளே ஆய்வகத்தை மூடிட்டாங்க. அடுத்து நீதிபதி ஜூடித் பீமன் தலைமையிலான ஆணையம் 1,271 வழக்குகளைத் திரும்பப் பார்த்தது. அதில் 56 வழக்குகளில் முடிவை அந்த டெஸ்ட் பெரிய அளவில் பாதித்திருந்ததா 2018-ல் சொன்னாங்க. ஆனா அறிக்கை வந்தப்போ, நாலே நாலு வழக்குகளில்தான் குழந்தைகள் வீடு திரும்பியிருந்தாங்க. பல குழந்தைகளைச் சட்டப்படி தத்துக் கொடுத்தாச்சு. அதைத் திருப்ப வழியில்லை.

இப்படி எப்படி நடந்ததுன்னு புரியணும்னா, டெஸ்ட் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல தெரியணும்.

முடிக்குள்ளே எப்படிப் போகுது?

முடியோட வேர்ப்பையைச் சுத்தி நுண்ணிய ரத்தக்குழாய்கள் இருக்கு. ரத்தத்தில் என்ன ஓடுதோ அதில் கொஞ்சம், வளர்ந்துக்கிட்டிருக்கிற முடியின் செல்களுக்குள் நுழையும். அந்தச் செல்கள் கெட்டியாகி முடியா மாறும்போது, உள்ளே போனது அங்கேயே மாட்டிக்கும். முடி வெளியே வளர வளர அதுவும் கூடவே நகரும்.

தலைமுடி மாசத்துக்கு சுமாரா 1-லிருந்து 1.3 சென்டிமீட்டர் வளரும். அதனால தலைத்தோலை ஒட்டி வெட்டி, அடியிலிருந்து 3.9 சென்டிமீட்டர், அதாவது சுமார் ஒன்றரை அங்குலம் எடுத்தா, ஏறக்குறைய 90 நாள் கணக்கு. அந்த மூணு மாசம் இப்படித்தான் வந்தது. பின்னந்தலையின் உச்சிப் பக்கத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு கொத்து முடி வெட்டுவாங்க. அந்த இடத்தில்தான் வளர்ச்சி ஓரளவு சீரா இருக்கும்.

ஆனா ரத்தம் மட்டுமே வழி இல்லை. வியர்வை வழியாவும், தோலிலிருந்து சுரக்கிற எண்ணெய் வழியாவும் முடிக்குப் போகலாம். புகை, தூசி, இன்னொருத்தர் கைன்னு வெளியிலிருந்தும் ஒட்டலாம். இந்தக் கடைசி வழிதான் பெரிய தலைவலி. ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

லேபில் ரெண்டு கட்டம்

ஒழுங்கான லேபில் முதல்ல முடியைக் கழுவுவாங்க. வெளியே ஒட்டினதை முடிஞ்ச வரைக்கும் நீக்கத்தான். அப்புறம் முதல் கட்டம், ஸ்கிரீனிங். எலைசா மாதிரி முறைகள். சீக்கிரம் முடியும், செலவு குறைவு. ஆனா ஒரே மாதிரி வடிவம் கொண்ட வேற பொருளையும் இது தப்பா பிடிச்சுக்கும். அதனால ஸ்கிரீனிங் பாசிட்டிவ்னா அதுக்கு அர்த்தம் ஒண்ணுதான்: இன்னும் நல்லா பார்க்கணும்.

ரெண்டாவது கட்டம், உறுதிப்படுத்தல். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் மூலக்கூறைத் தனியா அடையாளம் காண்பாங்க. எது, எவ்வளவுன்னு இங்கேதான் தெரியும். அளவு ரொம்பச் சின்னது. ஒரு மில்லிகிராம் முடியில் இத்தனை பிகோகிராம்னு ரிப்போர்ட்டில் வரும். ஒரு கிராமை ஒரு லட்சம் கோடி பங்கா பிரிச்சா அதில் ஒரு பங்கு, அதுதான் பிகோகிராம்.

மதரிஸ்கில் விட்டுப்போனது இதுதான். பல வருஷம் ஸ்கிரீனிங்கை மட்டும் பண்ணிட்டு, அதையே இறுதி முடிவா எழுதிக் கொடுத்தாங்க. முடியை வழக்கமா கழுவவும் இல்லை. நடைமுறைகள் எழுத்தில் இல்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கு நடந்த லேப், நீதிமன்றத்துக்குத் தேவையான தரத்தில் வேலை செய்யலை. ஆனா ரிப்போர்ட் மேல பெரிய ஆஸ்பத்திரி பேர் இருந்ததால வக்கீல்கள், நீதிபதிகள், நலத்துறை ஆட்கள் யாருமே கேள்வி கேட்கலை.

நாம தப்பா நம்புற சில விஷயங்கள்

ஒண்ணு: "இப்போ போதையில் இருக்காரான்னு முடி காட்டிடும்." காட்டாது. இன்னைக்கு எடுத்தது தலைத்தோலுக்கு மேல வெட்டுற அளவுக்கு வளர்ந்து வரவே சுமார் ஒரு வாரம் ஆகும். வண்டி ஓட்டும்போது போதையில் இருந்தாரான்னு தெரியணும்னா ரத்தமோ எச்சிலோதான் பார்க்கணும். சிறுநீர் போன சில நாள் கணக்கு, முடி மாசக் கணக்கு. ஒண்ணோட வேலையை இன்னொண்ணு செய்யாது.

ரெண்டு: "எந்தத் தேதியில் எடுத்தாங்கன்னு சொல்லிடலாம்." சொல்ல முடியாது. முடியை ஒவ்வொரு சென்டிமீட்டரா நறுக்கிப் பார்த்து, இந்த மாசம் அதிகம், அந்த மாசம் குறைவுன்னு போக்கைச் சொல்லலாம். அதுவும் தோராயமா. எல்லார் முடியும் ஒரே வேகத்தில் வளராது. எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி வளராம ஓய்வில் இருக்கும். அதனால பழசும் புதுசும் கலந்துதான் வரும். நெஞ்சு முடி, கை முடின்னா இன்னும் மோசம். அதோட வளர்ச்சிக் கணக்கே வேற, மூணு மாசக் கணக்கு அங்கே செல்லாது.

மூணு: "நெகட்டிவ் வந்தா எடுக்கவே இல்லைன்னு அர்த்தம்." அப்படியும் இல்லை. முடிப் பரிசோதனை தொடர்ந்த பழக்கத்தைப் பிடிக்கிறதில்தான் பலசாலி. ஒரே ஒரு தடவை எடுத்தது, குறிப்பா கஞ்சா, தெரியாமலே போகலாம். கஞ்சாவின் டி.எச்.சி. முடிக்குள் சரியா ஏறுறதில்லை.

நாலு: "பாசிட்டிவ்னா கட்டாயம் எடுத்தவர்தான்." இப்போ அந்தத் தலைவலிக்கு வருவோம். கஞ்சா புகைக்கிறவங்க நடுவில் உட்கார்ந்திருந்தா, புகையில் இருக்கிற டி.எச்.சி. உங்க முடியிலும் ஒட்டும். அதனால உடம்பு டி.எச்.சி.-யை உடைக்கும்போது உருவாகுற வேறொரு பொருளைத் தேடுவாங்க. அது இருந்தா உடம்புக்குள் போயிருக்குன்னு வாதம். ஆனா 2015-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. பயன்படுத்துறவரோட வியர்வை, தோல் எண்ணெய் வழியா அந்தப் பொருள்கூட இன்னொருத்தர் முடிக்கு மாறலாம்னு அதில் சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, அப்பா கஞ்சா புகைக்கிறார், அதே கையால குழந்தையின் தலையைத் தடவுறார். குழந்தை முடியில் பாசிட்டிவ் வந்தா, அது குழந்தைக்குக் கொடுக்கப்பட்டதற்குச் சாட்சியா? இல்லை. குழந்தை இருக்கிற சூழலைப் பத்திக் கவலைப்பட அது ஒரு காரணம். ரெண்டும் வேற வேற.

மருந்தும் இருக்கு. கோடீன் கலந்த இருமல் மருந்தை டாக்டர் சீட்டோட குடிச்சாலும் அது முடியில் வரும். உடம்புக்குள் கோடீனில் ஒரு பகுதி மார்ஃபினா மாறும், அதுவும் வரலாம். சீட்டு இருக்கான்னு லேப் கருவிக்குத் தெரியாது, மனுஷங்கதான் கேட்கணும்.

அஞ்சு: "கசகசா போட்ட குருமா சாப்பிட்டா மாட்டிக்குவோம்." சிறுநீர் டெஸ்டில் இது நிஜப் பிரச்சனை. கசகசாவில் கொஞ்சம் மார்ஃபின் உண்டு. அமெரிக்க அரசு 1998-ல் வேலையிட சிறுநீர் டெஸ்டுக்கான அளவை 300-லிருந்து 2,000 நானோகிராமா ஏத்தினதுக்கு இதுவும் ஒரு காரணம். முடியில், சாதாரணச் சாப்பாட்டு அளவுக்கு அந்த எல்லையைத் தாண்டுறது அரிது.

ஆறு: "மொட்டை போட்டா, ஷாம்பூ போட்டா தப்பிச்சிடலாம்." தலையில் இல்லைன்னா உடம்பு முடியை எடுப்பாங்க. உள்ளே மாட்டிக்கிட்டது சாதாரண ஷாம்பூவில் போகாது. ப்ளீச் பண்ணினா, டை அடிச்சா, ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணினா அளவு குறையும்கிறது உண்மை. ஆனா சேதமான முடி லேபுக்குத் தெரியும், குறிச்சு வைப்பாங்க. அதில் இன்னொரு பக்கமும் இருக்கு: சேதமான முடி வெளியிலிருந்து ஒட்டுறதையும் சுலபமா உறிஞ்சிக்கும்.

கறுப்பு முடிக்கு ஒரு தனிக் கதை

ஏழாவது நம்பிக்கை, "டெஸ்ட் எல்லாருக்கும் ஒண்ணுதான்." நம்மில் பெரும்பாலானவங்களுக்குக் கறுப்பு முடி, அதனால இது நமக்கு முக்கியம். முடிக்கு நிறம் கொடுக்கிறது மெலனின். கொகெய்ன், கோடீன், ஆம்ஃபெட்டமின் மாதிரிப் பொருள்கள் மெலனினோட நல்லா ஒட்டிக்கும். அதனால ஒரே அளவு எடுத்தாலும் பொன்னிற முடியில் குறைவாவும் கறுப்பு முடியில் பல மடங்கு அதிகமாவும் தெரியலாம்.

பாஸ்டன் போலீஸில் வருஷாவருஷம் முடி டெஸ்ட் நடந்தது. எட்டு வருஷக் கணக்கில், கறுப்பினத்தவர் டெஸ்டுகளில் 1.3 சதவீதம் பாசிட்டிவ், வெள்ளையர்களில் 0.3 சதவீதம். வேலை போன கறுப்பின அதிகாரிகள் வழக்குப் போட்டாங்க. இந்த வித்தியாசம் தற்செயல்னு தள்ளிவிட முடியாதுன்னு 2014-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. டெஸ்ட் தப்புன்னு அந்தத் தீர்ப்பு சொல்லலை. ஆனா டெஸ்டை மட்டும் வச்சு ஒருத்தரோட வேலையை எடுக்கலாமாங்கிற கேள்வி வலுவா எழுந்தது. 2020-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட வரைவு விதியிலும் இதே யோசனை இருந்தது: முடியில் பாசிட்டிவ் வந்தா சிறுநீரோ எச்சிலோ எடுத்து இன்னொரு தடவை பார்க்கணும்.

ரிப்போர்ட் வந்தா என்ன கேட்கணும்?

உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ வேலை, விசா, வழக்கு, குடும்பத் தகராறுன்னு ஏதோ ஒரு காரணத்துக்காக இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தா, பாசிட்டிவ்ங்கிற வார்த்தையோட நிக்காதீங்க. இதையெல்லாம் கேளுங்க:

இது ஸ்கிரீனிங்கா, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதி செய்ததா? எவ்வளவு அளவு வந்தது, எல்லை எவ்வளவு? போதைப்பொருளை மட்டும் பார்த்தாங்களா, உடம்பு உடைச்சு உருவாக்கின பொருளையும் பார்த்தாங்களா? முடியைக் கழுவினாங்களா? எந்த இடத்து முடி, எத்தனை சென்டிமீட்டர்? டை, ப்ளீச், மருந்துச் சீட்டு பத்தி யாராவது விசாரிச்சாங்களா? மறுபரிசோதனைக்கு மீதி முடி பத்திரமா இருக்கா?

இதெல்லாம் தப்பிக்கிறதுக்கான கேள்விகள் இல்லை. நல்ல லேப் எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கும். சரியா செஞ்சா முடிப் பரிசோதனை உபயோகமான கருவி. மறுவாழ்வில் இருக்கிற ஒருத்தர் மூணு மாசமா சுத்தமா இருக்கார்னு காட்ட, சிறுநீர் டெஸ்டை விட இது அவருக்கே உதவியா நிக்கலாம்.

டொராண்டோவில் டெஸ்டுக்கு ஆளானவங்களில் பெரும்பாலானோர் ஏழைகள். பூர்வகுடிக் குடும்பங்கள் அவங்க விகிதத்துக்கு மேல அதில் சிக்கினாங்க. "நான் எடுக்கலை"ன்னு சொன்ன அம்மாக்களும் அதில் இருந்தாங்க. மிஷின் ஒண்ணு சொல்லுது, அம்மா ஒண்ணு சொல்றாங்க, நாம மிஷினைத்தான் நம்புவோம். அந்த மிஷினை யார் சரிபார்த்தாங்கன்னு கேட்க பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

இந்த எபிசோடு அவ்வளவுதான். முடி டெஸ்ட் பத்தி வேற ஏதாவது கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க, பதில் தெரிஞ்ச வரைக்கும் சொல்றோம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.