மீளச் சரிபார்க்கும் பழக்கம்

மீளச் சரிபார்க்கும் பழக்கம் என்பது, ஒரு வேலையை முடித்த பின்னும் அது சரியாக முடிந்ததா என்ற ஐயத்தால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் நடத்தை ஆகும். பூட்டை இழுத்துப் பார்த்தல், எரிவாயு அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்த்தல், எண்ணிய பணத்தை மறுபடி எண்ணுதல் ஆகியன பரவலாகக் காணப்படுபவை. இது எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவம். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர்கள் இதனை ஐய நோய் என்றே அழைத்தனர்.

இயல்பும் நோயும்

வேண்டாத எண்ணங்கள் நோயாளிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, நலமாக உள்ளோரில் பெரும்பாலோருக்கும் அத்தகைய எண்ணங்கள் வருவதைக் காட்டியது. அவை எவ்வளவு அடிக்கடி வருகின்றன, எவ்வளவு எளிதில் விலகுகின்றன என்பதில்தான் வேறுபாடு. நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் இதில் கழிவதோ, அன்றாட வாழ்வு பாதிக்கப்படுவதோ நோய் எனக் கருதுவதற்கான பொதுவான அளவுகோல். 40 புள்ளிகள் கொண்ட யேல்-பிரவுன் அளவீட்டில் 8 முதல் 15 வரை இலேசான நிலை எனக் கொள்ளப்படுகிறது.

ஐயம் தீராததன் காரணம்

பார்த்துவிட்டால் மனம் அமைதியாகும் என்பது பொது நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. நெதர்லாந்தின் வான் டென் ஹவுட், கிண்ட் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நலமானவர்கள் கணினித் திரையில் தெரிந்த ஒரு எரிவாயு அடுப்பைப் பலமுறை சரிபார்த்தனர். அவர்களது நினைவு பிழைக்கவில்லை. அந்நினைவின் தெளிவும் அதன் மீதான நம்பிக்கையும்தான் குறைந்தன. ஆறாம் முறை பார்ப்பவர் முதல் முறை பார்த்தவரை விடக் குறைவாகவே தம்மை நம்புகிறார் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

தணிக்கும் வழிகள்

இலண்டனில் விக்டர் மேயர் 1966இல் விவரித்த முறையே இன்றைய சிகிச்சைக்கு அடிப்படை. அச்சத்தை எதிர்கொண்டு, வழக்கமான செயலைச் செய்யாமல் இருப்பதே அது. இலேசான நிலையில் உள்ளவர் இதை வீட்டிலேயே தொடங்கலாம்: கதவை ஒருமுறை, கவனம் சிதறாமல் பூட்டிவிட்டுத் திரும்பாமல் நடப்பது. பதற்றம் முதலில் ஏறும். போய்ப் பார்க்காமல் இருந்தால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே இறங்கும். ஐந்து முறை பார்ப்பவர் முதலில் மூன்றாகக் குறைக்கலாம். அல்லது பத்து நிமிடம் தள்ளிப்போடலாம்.

பூட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்ல யோசனை போலத் தோன்றும். ஆனால் பிறகு அந்தப் படத்தைப் பார்ப்பதே புதிய பழக்கமாகிவிடக்கூடும். "பூட்டிட்டேம்மா, நான் பார்த்தேன்" என்று வீட்டார் ஒவ்வொரு முறையும் சொல்லும் உறுதிமொழியும் இவ்வகையே. ஆயினும் அதனைச் சட்டென நிறுத்துவதும், கேலி செய்வதும் பதற்றத்தைக் கூட்டும். இருவரும் முன்கூட்டியே பேசி, சிறிது சிறிதாகக் குறைப்பது நல்லது. தூக்கமின்மை, தேர்வுக் காலம், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் ஆகியவற்றில் பழக்கம் தலைதூக்குவது உண்டு.

வேலைக்கோ பள்ளிக்கோ நேரத்துக்குப் போக முடியாத நிலை வந்தால் மனநல மருத்துவரை அணுக வேண்டும். நடத்தைச் சிகிச்சையும் மருந்துகளும் பலருக்குப் பலன் தருகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு உள்ளது. இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.