வீட்டு இன்டர்நெட் இணைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

விவசாயத்துக்கு வேண்டிய பல காரியங்கள் இக்காலத்தில் இன்டர்நெட் மூலமாகவே நடைபெறுகின்றன என்பது பழனிசெட்டிபட்டி வட்டாரத்து விவசாயிகள் யாவரும் அறிந்த விஷயம். பட்டா மாறுதல் மனு, சிட்டா நகல், சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்கான பதிவு ஆகியவை அவ்வழியே செல்கின்றன. தமிழ்நாடு அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட ‘உழவன்’ செயலியில் வானிலையும், சந்தை விலையும், மானிய விவரமும் கிடைக்கின்றன. போடிநாயக்கனூரில் நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் என்ன விலைக்குப் போயிற்று என்பதையும் தோட்டக்காரர் வீட்டிலிருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். ஆகையால் வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் இணைப்பை வாங்குவது என்பது, விதையையும் எருவையும் போலவே ஆராய்ந்து முடிவு செய்யவேண்டிய காரியமாகிவிட்டது.

முதலில் கவனிக்கவேண்டியது

இணைப்பு வாங்குவோரில் பெரும்பாலார் இரண்டே கேள்விகள் கேட்கின்றனர்: வேகம் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு என்பவை அவை. இவ்விரண்டையும் விட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. கம்பி அறுந்தால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்பதே அது.

இதன் அவசியத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம். பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டத்தின்படி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றால் தனிப்பட்ட வயலுக்கு நேரும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் அறிவித்தாக வேண்டும். பயிரைச் சாய்க்கும் அதே புயற்காற்று, தென்னை மட்டையையும் புளியங்கிளையையும் முறித்துக் கம்பியின்மேல் தள்ளுகிறது. பழுதைப் பார்க்க ஆள் வருவதற்கு மூன்று நாள் ஆகுமானால், அந்த 72 மணி நேரமும் அதிலேயே கழிந்துவிடும். தொலைபேசி மூலமாகவும், வங்கி அல்லது வேளாண் அலுவலகம் மூலமாகவும் அறிவிக்க வழியுண்டு என்றாலும், சேதத்தின் படங்களையும் பத்திரங்களையும் அனுப்ப வேண்டிய சமயத்தில் இணைப்பு அற்றுக் கிடப்பது நஷ்டத்துக்கு இடமாகும்.

கம்பி வரும் வழி

முல்லைப்பெரியாற்று வாய்க்காலில் நீர் பாய்ச்சுகிறவருக்கு இன்டர்நெட் வரும் விதத்தை விளங்கிக்கொள்வது எளிது. பெரிய நிலையத்திலிருந்து தலைக்கால்வாய் போல ஒரு பெரிய இணைப்பு ஊருக்கு வருகிறது. அதிலிருந்து கிளைகள் தெருக்களுக்குப் பிரிந்து, கடைசியில் வீட்டு மடையில் முடிகின்றன. தலைக்கால்வாயில் நீர் நிறைய ஓடினாலும், கிளையில் அடைப்பு இருந்தால் கடைமடைக்காரருக்கு நீர் வராது. ஆதலால் கம்பெனி எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், தமது தெருவில் அதன் கம்பி எவ்வாறு போடப்பட்டிருக்கிறது என்பதையே ஒருவர் முதலில் பார்க்கவேண்டும்.

இப்பொழுது கிடைக்கக்கூடிய வழிகள் முக்கியமாக மூன்று.

(1) கண்ணாடி இழைக் கம்பி. ‘பைபர்’ என்று வழங்கும் இதில் செய்தி ஒளியாகச் செல்கிறது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாதாகையால், இடியின் அதிர்ச்சி தாமிரக் கம்பியில் ஓடி வந்து பெட்டியைக் கெடுப்பது போல இதில் நேர்வதில்லை. கிடைக்குமிடத்தில் இதுவே சிலாக்கியமானது.

(2) பழைய தாமிரக் கம்பி. மழைக்காலத்தில் இணைப்புகளில் ஈரம் இறங்கிக் கெடுவதும், தூரம் கூடக்கூட வேகம் குறைவதும் இதன் குறைகள்.

(3) கைப்பேசிக் கோபுரத்திலிருந்து காற்றின் வழியே பெறுவது. 2022 அக்டோபரில் இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கிய பின், வீட்டு மாடியில் ஒரு பெட்டி பொருத்தி இவ்வழியில் இணைப்புக் கொடுப்பது 2023 முதல் நடைமுறைக்கு வந்தது. கம்பி எட்டாத தோட்டத்து வீட்டுக்கு இது உபயோகமானது. ஆனால் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே அடர்ந்த தோப்போ குன்றோ இருந்தால் பலன் குறையும்.

பைபரிலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். பூமிக்குள் புதைத்த கம்பி காற்றுக்கு அஞ்சாது. கம்பங்களின் மேல் தொங்கவிட்ட கம்பியோ, ஜூன் முதல் ஆகஸ்டு வரை கம்பம் பள்ளத்தாக்கில் பலமாக வீசும் தென்மேற்குக் காற்றில் ஆடி அறுபடும். தொங்கும் கம்பியானால், அது மரக்கிளைகளுக்குள் நுழைந்து வருகிறதா என்பதை நேரில் நடந்து பார்ப்பது உசிதம்.

வேகத்தைப் பற்றி

2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் செய்த திருத்தத்தின்படி, வினாடிக்கு 2 மெகாபிட்டுக்குக் குறையாத வேகமுடையதே ‘பிராட்பேண்ட்’ ஆகும். மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு; எட்டு மெகாபிட் சேர்ந்ததே ஒரு மெகாபைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 5 மெகாபைட் மட்டுமே வரும். தெளிவான படக்காட்சி ஒன்றுக்குச் சுமார் 5 மெகாபிட் போதும். பிள்ளைகளின் பாடம், தொலைக்காட்சி, அலுவல் எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும் குடும்பத்துக்கும் 40 மெகாபிட் தாராளமானது. அதற்கு மேற்பட்ட வேகத்துக்குப் பணம் கொடுப்பது, அரை ஏக்கர் நிலத்துக்குப் பத்துக் குதிரைச் சக்தி மோட்டார் வாங்குவதை ஒக்கும்.

மேலும், விளம்பரத்தில் கண்ட வேகம் எப்பொழுதும் வீட்டுக்கு வருவதில்லை. பைபர் முறையில் சாதாரணமாக ஓர் இழையின் 2.5 ஜிகாபிட் திறனை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். 64 வீட்டாரும் ஒருங்கே இழுத்தால் வீட்டுக்கு 39 மெகாபிட்டே கிடைக்கும். ஊருக்கு வரும் பெரிய இணைப்பே சிறியதானால் அதுவும் கிடைக்காது. இரவு ஏழு மணி முதல் பத்து மணி வரை நெருக்கடி மிகுதி. அவ்வேளையில் அதே கம்பெனியின் இணைப்புள்ள அண்டை வீட்டில் சோதித்துப் பார்ப்பதே சரியான பரீட்சை.

விசாரிக்கவேண்டிய கேள்விகள்

இணைப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றை விசாரித்தறிதல் நலம்.

(1) அதே தெருவில், அதே கம்பத்திலிருந்து இணைப்புப் பெற்ற இரண்டு மூன்று வீட்டாரிடம், சென்ற மழைக்காலத்தில் எத்தனை நாள் இணைப்பு நின்றது என்று கேட்கவும்.

(2) பழுது பார்க்கும் ஆள் தேனியிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்து வரவேண்டுமா? ஞாயிறன்றும் வருவாரா?

(3) மின்சாரம் நின்றால் தெருவிலுள்ள கம்பெனிப் பெட்டிக்குப் பாட்டரி உண்டா? வீட்டில் மட்டும் பாட்டரி வைத்துப் பயனில்லை.

(4) மாத அளவு தீர்ந்த பின் வேகம் எவ்வளவாகக் குறைக்கப்படும்?

(5) கட்டணத்தில் 18 சதவீத சரக்கு சேவை வரி சேர்ந்திருக்கிறதா? 500 ரூபாய் என்று சொல்லப்படுவது வரியுடன் 590 ரூபாயாகும்.

(6) வீட்டில் வைக்கும் பெட்டி யாருக்குச் சொந்தம்? முன்பணம் திரும்பி வருமா? இதை ரசீதில் எழுதி வாங்கவும்.

வருஷச் சந்தா கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று சொல்வது வழக்கம். முதல் மூன்று மாதங்களுக்கு மாதக் கட்டணமாகவே செலுத்தி, ஒரு காற்றுக் காலத்தையோ மழைக் காலத்தையோ கடந்த பின்னர் வருஷச் சந்தாவைப் பற்றி யோசிப்பதே புத்திசாலித்தனம்.

பழுது நேர்ந்தால் செய்யவேண்டியது

வீட்டுப் பெட்டியில் ‘லாஸ்’ என்னும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்று அறியவேண்டும். கம்பி எங்கோ அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். உடனே கம்பெனியின் புகார் நிலையத்துக்குத் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பி இழுத்த ஆளிடம் வாய்மொழியாகச் சொல்வது மட்டும் போதாது. எண் இல்லாத புகாருக்குச் சாட்சியில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006-இல் வகுத்த தரவிதிகளிலேயே, பழுதுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அடுத்த வேலை நாளுக்குள் சரிசெய்யப்பட வேண்டுமென்றும், மூன்று வேலை நாட்களுக்கு மேல் நீடித்தால் கட்டணத்தில் கழிவு தரவேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. கழிவு கேளாதவருக்குக் கிடைப்பது அரிது. புகார் தீராவிட்டால், 2012-ஆம் வருஷ விதிகளின்படி அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 பெப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

இரண்டாவது வழி

ஒரே கிணற்றை நம்பி வாழை வைக்கிறவர் எவ்வளவு அறிவாளியாயினும் கோடையில் கவலைப்படுவார். அதுபோல ஒரே கம்பியை நம்பியிருப்பதும் சரியன்று. வீட்டு இணைப்பு ஒரு கம்பெனியினுடையதானால், கைப்பேசி மற்றொரு கம்பெனியினுடையதாக இருப்பது நல்லது. கம்பி அறுந்த நாளில் கைப்பேசியின் இணைப்பைப் பகிர்ந்து அவசர மனுவை அனுப்பிவிடலாம். பெட்டிக்கு வேண்டிய 12 வோல்ட் மின்சாரத்தைச் சில மணி நேரம் தரக்கூடிய சிறு பாட்டரிச் சாதனங்கள் கடைகளில் கிடைக்கின்றன. மின்வெட்டு மிகுந்த இடங்களில் அதையும் வாங்கி வைக்கலாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் பாரத்நெட் வேலைக்காக 2018-இல் தனி அரசு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. ஊராட்சி அலுவலகத்துக்குக் கம்பி வந்துவிட்டது என்பதாலேயே சேவை வந்துவிட்டதாகாது. கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சிச் செயலர்களும், இணைப்பு நின்ற நாளையும் மணியையும், சரியான நாளையும் மணியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கம்பெனிவாரியாகக் குறித்து வருவார்களாயின், ஆறே மாதத்தில் அவ்வூருக்கு எது நம்பத்தக்கது என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். விளம்பரத் தாள்கள் அனைத்தையும் விட அந்தப் புத்தகம் விவசாயிகளுக்கு அதிகப் பிரயோஜனமுள்ளதாகும்.

சுருங்கச் சொன்னால், வேகத்தையும் மலிவையும் இரண்டாவதாக வைத்து, பழுது தீரும் விரைவை முதலாவதாக வைத்துத் தேர்ந்தெடுப்பவர், அவசர காலத்தில் ஏமாறமாட்டார் என்பது திண்ணம்.