அனத்தோத்துக் காணி

கி.மு. 587 அளவில் பபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருந்தது. நகர் வீழும் என்று சொன்னதற்காக இறைவாக்கினர் எரேமியா காவலில் இருந்தார். அந்நேரம் பார்த்து உறவினர் அனமேல் வந்து, அனத்தோத்திலுள்ள தன் காணியை வாங்கும்படி கேட்டார். எந்த நொத்தாரிசும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்! எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகள் கையொப்பமிட்டனர். உறுதியை நெடுநாள் கெடாதிருக்க மண்சாடியில் வைக்கச் சொன்னார். உடுப்புக்கு முன் காணி உறுதியை எடுத்துக்கொண்டு ஓடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘எல்லாம் சரிவரும்’ என்ற ஆறுதல் வேறு, கிறிஸ்தவ நம்பிக்கை வேறு. நகர் எரியும் என்று சொன்னவரே, இங்கே மீண்டும் வயல்கள் வாங்கப்படும் என்றார். அக்காணியை அவர் உழவில்லை, எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். கி.மு. 538இல் சைரசு மன்னன் அனுமதியளித்தபின் திரும்பியோரின் பட்டியல் எஸ்றா நூலில் உண்டு. அதில் அனத்தோத்தூரார் 128 பேர்.