பார்த்தது என்ன? பதிந்தது என்ன?



எங்கள் ஊர் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்ததாகச் சொல்வார்களே, அந்த விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். பகலெல்லாம் தறிச் சத்தம், பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு டி.வி. சத்தம். என் மாமியார் தார் சுற்றியபடி பார்ப்பார், நான் காய் நறுக்கியபடி பார்ப்பேன். "இந்த சீரியலைப் பாத்துப் பாத்துதான் பொம்பளைங்க கெட்டுப் போறீங்க" என்பார் என் வீட்டுக்காரர். ஆனால் அவரும் ஓரக்கண்ணால் பார்ப்பது எனக்குத் தெரியாதா என்ன!

போன மாதம் ஒருநாள் சீரியலில் கணவன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைந்தான். அவள் வாயே திறக்காமல் கண்ணைத் துடைத்துக் கொண்டு அவனுக்கே சோறு போட்டாள். எட்டாவது படிக்கும் என் மகள், "எவ்ளோ நல்லவங்க இல்லம்மா! எதுத்து ஒரு வார்த்தை பேசலையே" என்றாள். எனக்குத் திக்கென்றது. நாளைக்கு இவளும் இப்படித்தான் நிற்பாளோ?

அதே வாரம் எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒரு நோட்டோடு வந்தாள். பெண்கள் டி.வி.யில் என்ன பார்க்கிறார்கள், பார்த்து என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டுமாம், படிப்புக்காக. நான் பத்தாவதோடு நின்றவள். "இதையெல்லாமா ஆராய்ச்சி செய்வாங்க?" என்று சிரித்தேன். மகள் சொன்னதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே இது நடந்திருக்கு" என்று ஒரு விஷயம் சொன்னாள்.

1984 ஜூலையில் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் தொடங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பர் வரை 156 பகுதிகள். குடும்பக் கட்டுப்பாடு, பெண் உரிமை போன்ற விஷயங்களைக் கதையோடு சேர்த்துச் சொல்லவே அதை எடுத்தார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் வந்து நாலு வார்த்தை பேசுவார். சுமார் 4 லட்சம் கடிதங்கள் வந்து குவிந்தனவாம்.

அதில் பாகவந்தி என்று ஒரு அம்மா. குடிகாரக் கணவனுக்கு அடங்கி, எல்லாவற்றையும் பொறுத்துப் போகிறவள். 'இப்படி இருக்காதீர்கள்' என்று காட்டத்தான் அவளைப் படைத்தார்கள். பிறகு அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் பார்த்தவர்களிடம் விசாரித்தால், பல பெண்கள் அவளையே நல்ல மனைவிக்கு, நல்ல தாய்க்கு உதாரணமாக எடுத்துக் கொண்டிருந்தார்கள்! எடுத்தவர் நினைத்தது ஒன்று, பார்த்தவர் மனதில் பதிந்தது வேறொன்று. என் மகளுக்கு நடந்ததும் அதுதானே?

அப்படியானால் டி.வி.யை மூடி வைத்துவிடலாமா? அதற்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 2001 முதல் 2003 வரை கிராமத்துப் பெண்களிடம் மீண்டும் மீண்டும் போய்க் கேட்ட விவரங்கள் அவை. பீகார், ஹரியானா, கோவாவோடு நம் தமிழ்நாடும் அதில் உண்டு. அந்தச் சமயத்தில் புதிதாகக் கேபிள் வந்த ஊர்களையும், வராத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். கேபிள் வந்த இடங்களில் 'கணவன் மனைவியை அடிக்கலாம்' என்று ஒப்புக் கொள்பவர்கள் குறைந்திருந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணமும் குறைந்திருந்தது. வீட்டு முடிவுகளில் பெண்ணின் பேச்சு கூடியிருந்தது. நாம் கேலி செய்கிற அதே டி.வி.தான், தோழிகளே!

அந்தப் பெண்ணின் நோட்டிலும் அந்தக் கேள்வி இருந்தது. "புருஷன் பொண்டாட்டியை அடிக்கலாமா ஆயா?" என்று என் மாமியாரிடம் கேட்டாள்.

தார் சுற்றிக் கொண்டிருந்த கை நின்றது. "முன்னாடி கேட்டிருந்தா, சோறு குழைஞ்சா அடிக்கலாம், சொல்லாம வெளிய போனா அடிக்கலாம்னு சொல்லியிருப்பேன். அதுக்கெல்லாம் அடி வாங்கினவ நான். அதுதான் நியாயம்னு நெனச்சிருந்தேன். இப்ப சொல்ல மாட்டேன். எதுக்கும் அடிக்கக் கூடாது. எழுதிக்கோ" என்றார்.

பதினைந்து வருடம் கூடவே இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. கதவருகே நின்ற என் மகள் ஓடிப்போய் ஆயாவின் மடியில் படுத்துக் கொண்டாள். சீரியல் சொல்லாததை அந்த ஒரு பதில் சொல்லிவிட்டது.

எந்தத் தொடருக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுக்க, சில வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்களாம். யார் பார்த்தார்கள் என்றுதான் அது எண்ணும். பார்த்தபின் என்ன நினைத்தோம் என்று கேட்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும். இப்போதெல்லாம் விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இவ செஞ்சது சரியா? நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று மகளைக் கேட்கிறேன். சில நாள் சண்டையே வருகிறது. என் வீட்டுக்காரரும் வாதத்துக்கு வருகிறார்!

நீங்களும் இன்று ராத்திரி பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்களேன். அவர்கள் மனதில் பதிந்தது என்னவென்று தெரியும்.

- ஒரு வாசகி, திருப்புட்குழி