பெரிய தனியார் பல்கலைக்கழகமா? டெல்லி ஆனர்ஸ் படிப்பா?

கடன் வாங்குமுன் தமிழ்ப் பெற்றோர் போட வேண்டிய கணக்கு

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழர் வீடுகளில், பிள்ளை 12-ம் வகுப்புக்கு வந்ததுமே ஒரு பேச்சு எழுகிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் சேர்த்தால் போதுமா? கடன் வாங்கியாவது பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதா?

முன்பெல்லாம் பல வீடுகளில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. 1922-ல் தொடங்கிய டெல்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் கல்லூரி, கிடைக்காவிட்டால் தபால் வழிப் படிப்பு என்ற நிலை இருந்தது.

இன்று டெல்லியைச் சுற்றித் தனியார் பல்கலைக்கழகங்கள் வந்துவிட்டன. அரியானா மாநிலம் சோனிபட்டில் ஜிண்டால் (2009), அசோகா (2014), உத்தரபிரதேச மாநிலம் தாத்ரியில் ஷிவ் நாடார் (2011) ஆகியவை பெயர் பெற்றவை. கடைசியாகச் சொன்னதை நிறுவிய ஷிவ் நாடார், திருச்செந்தூர் வட்டாரத்தில் மூலைப்பொழி கிராமத்தில் பிறந்த தமிழர்.

என்ன கிடைக்கிறது?

தனியார் பல்கலைக்கழகத்தில் வகுப்பில் கூட்டம் குறைவு. ஆசிரியரை நேரில் பார்த்துப் பேச முடியும். விடுதி, நூலகம், வேலைக்கு வழிகாட்டும் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும்.

டெல்லி பல்கலைக்கழகத்தில் கல்லூரிக்குக் கல்லூரி தரம் மாறும். வகுப்பில் கூட்டம் அதிகம், விடுதி இடம் குறைவு. ஆனால் ஆனர்ஸ் படிப்பில் ஒரு பாடத்தை ஆழமாகக் கற்கலாம். 2022-ல் வந்த பாடத்திட்டப்படி 3 வருடத்தில் பட்டத்தோடு வெளியேறலாம். விரும்பினால் 4-வது வருடமும் படிக்கலாம். டெல்லியிலேயே குடியிருக்கும் பிள்ளை, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மெட்ரோ ரெயிலில் போய் வரலாம்.

மாதத் தவணை ரூ.26 ஆயிரம்

டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் வருடக் கட்டணம் ஆயிரங்களில் அடங்கிவிடும். தனியாரில் அது பல லட்சம். விடுதியும் சேர்ந்தால் வருடத்துக்கு ரூ.10 லட்சத்தைத் தாண்டும் இடங்களும் உண்டு.

ஒரு குமாஸ்தா ரூ.20 லட்சம் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம், தவணைக்காலம் 10 வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய ரூ.26 ஆயிரத்து 430 கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது மொத்தம் ரூ.31 லட்சத்து 70 ஆயிரம் ஆகியிருக்கும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி.

மாதம் ரூ.70 ஆயிரம் கைக்கு வரும் குடும்பத்தில், இந்தத் தவணைக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வீட்டு வாடகை, ஊரில் உள்ள அப்பா-அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் மீதியில்தான் பார்க்க வேண்டும். அண்ணன் படிப்புக்குத் தாராளமாக நீண்ட கை, தங்கை படிப்பு வரும்போது சுருங்கிவிடும்.

ரூ.7½ லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்து ஜாமீன் இல்லாமல் பாங்கிகள் கொடுக்க வழி உண்டு. அதற்கு மேல் போனால் பொதுவாக வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ கேட்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் ஜாமீன் தேவையில்லை. வருட வருமானம் ரூ.8 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் சலுகை பெறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. சேரப்போகும் நிறுவனம் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் முதலில் பார்க்க வேண்டும்.

முன்பணம் கட்டுமுன்

தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இடம் முன்கூட்டியே உறுதியாகிவிடும். உடனே முன்பணம் கட்டச் சொல்வார்கள். டெல்லி பல்கலைக்கழக இடமோ, 2022 முதல் சி.யு.இ.டி. பொது நுழைவுத்தேர்வு முடிந்த பிறகே தெரியும். இடையில் தவிப்பது பெற்றோர்தான்.

2024-25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக்குழு போட்ட உத்தரவுப்படி, செப்டம்பர் 30-க்குள் விலகினால் கட்டணம் முழுவதையும் திருப்பித்தர வேண்டும். அக்டோபர் 31 வரை விலகினால் ரூ.1,000-க்கு மேல் பிடிக்கக் கூடாது. சேரும் வருடத்துக்கான உத்தரவைப் பார்த்து, ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மத்திய பல்கலைக்கழகத்தில் இதர பிற்பட்டோருக்கு 27 சதவீத ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் மாநிலப் படிவத்தில் இருந்தால் போதாது. மத்தியப் பட்டியலில் சாதி இருப்பதைப் பார்த்து, மத்திய அரசு படிவத்தில் வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் ஊருக்கு ஓடுவதைவிட, விடுமுறையில் போகும்போதே இதை முடித்துவிடலாம்.

எப்படி முடிவெடுப்பது?

தனியார் பல்கலைக்கழகங்கள் சில, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகின்றன. கேட்க வெட்கப்படத் தேவையில்லை. அந்த உதவி முதல் வருடத்துக்கு மட்டுமா, படிப்பு முடியும் வரையா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். மீதித் தொகை சம்பளத்தில் அடங்கினால் தாராளமாகச் சேர்க்கலாம்.

அடங்காவிட்டால், பிள்ளைக்குப் பிடித்த பாடத்தில் ஆனர்ஸ் சேர்ப்பதே நல்லது. கல்லூரிப் பெயருக்காகப் பிடிக்காத பாடம் எடுப்பதைவிட, அடுத்த கல்லூரியில் பிடித்த பாடம் எடுப்பது மேல். மிச்சமாகும் பணம் எம்.ஏ., எம்.எஸ்சி. படிப்புக்கும் உதவும், அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

இந்தக் கணக்கைப் பெற்றோர் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, சம்பளம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும். 18 வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.