சங்கின் பெயருக்குச் சீர் பிரிப்போம்

ஏரல் என்ற ஊருக்குப் பக்கத்தில்தான் பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை. முத்துக்கும் சங்குக்கும் பேர்போன இந்தக் கடல்பகுதிச் சங்குக்கு அறிவியல் தரும் பெயர், ‘டர்பினெல்லா பைரம்’. வாயில் நுழையவில்லையா? பிரித்துப் பார்ப்போம்.

லத்தீனில் ‘டர்பின்’ என்ற வேர் பம்பரத்தைக் குறிக்கும். ‘எல்லா’ என்ற விகுதி சிறியது என்று பொருள் தரும். ஆக, சின்னப் பம்பரம்! ‘பைரம்’ என்பது பேரிக்காய். ஒரு சங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒருபுறம் பருத்து, மறுபுறம் கூம்பியிருக்கும். பெயர் பொருத்தம்தானே?

இனி உச்சரிப்பு. டர், பி, னெல், லா என நான்கு ஒலித்துண்டுகள். அழுத்தம் ‘னெல்’ மீது விழும். நம் யாப்பிலோ டர்-பினெல்-லா என மூன்றே அசை. நேர், நிரை, நேர். அதாவது கூவிளங்காய் என்ற சீர்! பை-ரம், தேமா.

1767இல் இந்த இனத்துக்கு ‘பைரம்’ என்று பெயரிட்டவர் லின்னேயஸ். 1798இல் ரோடிங் என்பவர் இதன் பேரினத்துக்கு, அதாவது ‘டர்பினெல்லா’ நிற்கும் இடத்துக்கு, ‘சாங்கஸ்’ என்று பெயர் வைத்தார். காது கொடுத்துக் கேளுங்கள், அதற்குள் ஒலிப்பது நம் ‘சங்கு’தான்.

நீண்ட பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம் பிள்ளைகளே. அசை பிரித்தால் நாவுக்கு எளிது. சொல் பிரித்தால் மனசுக்கு எளிது.